ஆறேகால் சென்ட் நிலத்துக்காகக் கவிழ்ந்த அரசாங்கம்

இங்கிலாந்தில் கோடையில் ரயிலில் போனால் தண்டவாளத்தை ஒட்டி இதைப் பார்க்கலாம். வரிசையாகச் சின்னச் சின்னப் பாத்திகள், நடுநடுவே ஒரு கொட்டகை, கழிகளில் சுற்றி ஏறும் பீன்ஸ் கொடி. இதற்குப் பெயர் அலாட்மென்ட். வீட்டோடு தோட்டம் இல்லாதவர்கள் உள்ளாட்சியிடம் வருட வாடகைக்கு வாங்கிப் பயிர் செய்யும் துண்டு நிலம். வழக்கமான அளவு 10 ராட், அதாவது சுமார் 253 சதுர மீட்டர். நம்மூர் கணக்கில் ஆறேகால் சென்ட்.

ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்குன்னு தோணும். ஆனால் இந்த அளவுக்குப் பின்னால் ஒரு நீண்ட பேரம் இருக்கு.

நம்ம ஊர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி அங்கேயும் பொதுநிலம் இருந்தது. சொந்த நிலம் இல்லாதவரும் அதில் மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கரை வேலி போட்டுத் தனியார் நிலமாக்கியது. மாடு போச்சு, விறகு போச்சு. மிஞ்சியது கூலி மட்டும்.

சில பாதிரியார்களும் நிலக்கிழார்களும் கொஞ்சம் நிலத்தை ஏழைகளுக்கு ஒதுக்கச் சொன்னார்கள். வில்ட்ஷையரில் கிரேட் சோமர்ஃபோர்ட் ஊரில் 1809-இல் ஸ்டீஃபன் டெமைன்பிரே என்ற பாதிரியார் முயற்சியால் அப்படி ஒதுக்கப்பட்ட நிலம் இன்றும் தோட்டமாக இருக்கிறது. 1830-இல் தென் இங்கிலாந்து முழுக்கக் கூலிக்காரர்கள் கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்துக் கலகம் செய்தார்கள். அதற்கப்புறம் பணக்காரர்களுக்கும் இதில் அக்கறை வந்தது. சொந்தமாக நாலு உருளைக்கிழங்குச் செடி இருப்பவன் கலகத்துக்குப் போகமாட்டான் என்பது கணக்கு.

பண்ணை முதலாளிகளின் கணக்கு வேறு. நிலம் கூடிப்போனால் ஆள் கூலிக்கு வரமாட்டான். வந்தாலும் உடம்பில் தெம்பு மிச்சம் இருக்காது. அதனால் பல இடங்களில் கறாரான விதிகள் இருந்தன: வேலை நேரத்தில் தோட்டத்தில் இருக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியைத் தொடக்கூடாது, தேவாலயத்துக்கு ஒழுங்காக வரணும். 1845-ஆம் ஆண்டின் அடைப்புச் சட்டம் ஏழைகளுக்கான தோட்டத்துக்கு உச்சவரம்பே போட்டது: கால் ஏக்கர். வயிறு கொஞ்சம் நிறையணும், ஆனால் முதலாளியை விட்டு விலகும் அளவுக்கு நிறையக்கூடாது. அலாட்மென்டின் அளவைத் தீர்மானித்தது மண்ணின் தரம் இல்லை, இந்தப் பயம்தான்.

1884-இல் கிராமத்துத் தொழிலாளிகள் பெரும்பாலோருக்கு ஓட்டு கிடைத்தது. உடனே காட்சி மாறியது. ஜெஸ்ஸி காலிங்ஸ் என்ற உறுப்பினரின் ஆட்கள் 'மூன்று ஏக்கரும் ஒரு மாடும்' என்று ஓட்டுக் கேட்டார்கள். 1886 ஜனவரியில் அவர் அலாட்மென்ட் பற்றிக் கொண்டுவந்த திருத்தத்தில் தோற்று, சாலிஸ்பரி பிரபுவின் அரசே கவிழ்ந்தது. வேடிக்கை என்னன்னா, அதே வருடம் மறுபடி பதவிக்கு வந்த அதே சாலிஸ்பரியின் ஆட்சியில்தான் 1887-இல் அலாட்மென்ட் சட்டம் நிறைவேறியது! 1908-இல் வந்த சட்டம் உள்ளாட்சிகளின் கடமையை உறுதி செய்தது. மூன்று ஏக்கரும் வரலை, மாடும் வரலை. ஆறேகால் சென்ட் வந்தது.

போர்க்காலத்தில் அதுவே நாட்டுக்குச் சோறு போட்டது. முதல் உலகப்போர் முடியும்போது சுமார் 15 லட்சம் துண்டுகள் இருந்தன. இரண்டாம் போரில் லண்டன் கோபுரத்தின் அகழியில்கூடக் காய்கறி விளைந்தது. இன்று மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 3 லட்சம்.

1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைப் பாருங்க: குடும்பத்துக்கான காய்கறியோ பழமோ முழுவதுமாக அல்லது 'பெரும்பாலும்' பயிரிடப்படணும். அந்தப் 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல் வழியாகத்தான் பூக்கள் உள்ளே நுழைந்தன. அதிலும் சில பூக்கள் எந்தப் பக்கம்னு சொல்லவே முடியாது. ரன்னர் பீன்ஸ் மத்திய அமெரிக்க மலைப்பகுதிச் செடி. 1600-களில் இங்கிலாந்துக்கு வந்தபோது அதன் சிவப்புப் பூவின் அழகுக்காகத்தான் வளர்த்தார்கள், காயைச் சாப்பிடும் பழக்கம் பிறகுதான் பரவியது. பூவும் சாப்பிடலாம், பீன்ஸ் ருசிதான். ஆனால் ஒரு பூ பறித்தால் ஒரு காய் குறையும். சுக்கினியில் அந்தக் கவலை இல்லை. காய்க்காத ஆண்பூவைப் பறித்து மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த நஸ்டர்ஷியம் பூ மிளகு மாதிரி லேசாகக் காரும், இலையும் அப்படியே. வாழைப்பூவும் முருங்கைப்பூவும் சமைக்கிற நமக்கு இது புதுசு இல்லை.

இந்த நிலம் இன்னும் கட்டடமாக மாறாமல் இருப்பதற்கு 1925-ஆம் ஆண்டுச் சட்டம் முக்கியக் காரணம். அலாட்மென்டுக்கென்றே வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதல் இல்லாமல் உள்ளாட்சி விற்க முடியாது. தற்காலிகமாகக் கொடுத்த இடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

1908-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. ஊரில் ஆறு வாக்காளர்கள் சேர்ந்து 'எங்களுக்கு அலாட்மென்ட் வேணும்' என்று எழுதிக் கொடுத்தால், உள்ளாட்சி அதைப் பரிசீலித்தே ஆகணும். உள் லண்டன் நீங்கலாக இங்கிலாந்தில் இது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வேலிக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், ஓட்டை வைத்துப் பேரம் பேசித் திரும்ப வாங்கிய உரிமை அது.