படிநிலை மேம்பாடு (இணைய வடிவமைப்பு)

எந்த உலாவியிலும் படிக்கக்கூடிய எளிய பக்கத்தை முதலில் அமைத்து, அழகையும் வசதியையும் அதன்மேல் அடுக்கும் முறை. ஸ்டீவன் சாம்பியன், நிக் ஃபிங்க் இருவரும் 2003இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் இதை முன்வைத்தனர். 1994இல் ஹோகன் வியூம் லீ முன்மொழிந்த சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) இதற்கு இயல்பாகவே தோதானது: தனக்குப் புரியாத கட்டளையை உலாவி ஓசையின்றித் தாண்டிவிடும்.

தமிழ்ப் பக்கங்களில் இதன் பயன் கண்கூடு. 'சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையம்' என்ற தலைப்பு கைபேசித் திரையில் மடியும்போது 'நிலையம்' மட்டும் இரண்டாம் வரியில் தனியே விழலாம். 2023இல் குரோமுக்கு வந்த 'டெக்ஸ்ட்-ராப்: பேலன்ஸ்' என்ற சிஎஸ்எஸ் கட்டளை வரிகளை ஏறத்தாழச் சமமாகப் பிரிக்கிறது. பழைய உலாவியில் அழகு குறையும், பெயர் மறையாது. 'ஃபர்ஸ்ட்-லெட்டர்' முதலெழுத்தைப் பெரிதாக்கும். யூனிகோடில் இத்தலைப்பின் 'சி' இரண்டு குறியீடுகள் என்பதால் அது பிளவுபடாமல் வருகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. எழுத்துரு இறங்கும்வரை கருவியிலுள்ள எழுத்துருவில் காட்டச் சொல்வது 'ஃபான்ட்-டிஸ்ப்ளே: ஸ்வாப்'. எளிய கட்டளைதான், ஆனால் மெதுவான இணைப்பில் இதைவிட உதவுவது அரிது.

யூனிகோடுக்கு முந்தைய டாம், டாப், திஸ்கி குறியாக்கத் தளங்கள் இதற்கு நேரெதிர். உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் கிறுக்கலாகவே தெரிந்தன.