வெருகும் பூசையும்: மனைப்பழக்கம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தென்காசியிலிருந்து மேற்கே செங்கோட்டையையும் புளியரையையும் கடந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியே மலைநாடு புகுவோர், சில கல் தொலைவிற்குள் பூனையின் பெயர் மாறிவிடுவதைக் கேட்கலாம். கணவாய்க்குக் கிழக்கே 'பூனை' எனப்படுவது மேற்கே 'பூச்ச' ஆகின்றது. கிழக்கே 'மரநாய்' என்று வழங்கும் விலங்கினை மேற்கே 'வெருகு' என்பர். செங்கோட்டை 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை மேற்கு நாட்டு ஆட்சியில் இருந்ததாகலின், இவ்விரு வழக்குகளும் ஒரே கடைத்தெருவில் நெடுங்காலம் கலந்து ஒலித்திருக்கும் என்று கருதுதல் பொருந்தும்.

மேற்கே வாழும் இவ்விரு சொற்களும் தொல்காப்பியர் அறிந்தவையே. வெருகினைப் பூசை என்று கூறுதலும் விலக்கத்தகாத வழக்கு என்பது மரபியலால் பெறப்படும். இதுகொண்டு இரண்டும் ஒருபொருட் கிளவிகள் எனக் கூறி அமைவாரும் உளர். வெருகு என்பதற்குக் காட்டுப்பூனை என்று மட்டும் பொருள் எழுதிச் செல்வாரும் உளர். சான்றோர் பாடிய வெருகு நம் மனையில் வாழும் பூனையா, அன்றா? அன்றெனின், பூனையைத் தமிழர் எவ்வாறு மனைக்குப் பழக்கினர்? இவ்வினாக்களே ஈண்டு ஆராயப்படுவன.

முதற்கண் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயர் உரித்து என மரபியல் வகுப்பதைக் கொண்டு, வெருகு மனையைச் சுற்றி வாழ்ந்த சிற்றுயிர்களுள் ஒன்று என நிறுவ முற்படலாம். அம்முயற்சி நில்லாது. அவ்வியலே நாயைப் பன்றியோடும் புலியோடும் முயலோடும் சேர்த்துக் 'குருளை' என்னும் பெயர்க்கு உரியதாக்குகின்றது. ஆதலின் அப்பகுப்பு, மனைவிலங்கு காட்டுவிலங்கு என்னும் வேறுபாடு நோக்கியதன்று. சான்று தேட வேண்டிய இடம் பாட்டேயாம்.

பாட்டுகளில் வெருகு இருவகையாக வருகின்றது. ஒன்று உவமை: ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகை 220இல் முல்லை அரும்புக்கு வெருகின் சிரிப்பையும், கபிலர் புறநானூறு 117இல் வெருகுக் குட்டியின் கூரிய பற்களையும் உவமை கூறினர். பல்லை இத்துணை அணுகிக் கண்டவர்கள் அதனைத் தொலைவில் மட்டும் கண்டிருத்தல் இயலாது. மற்றொன்று அதன் இயக்கம் பற்றியது. இதுவே நமக்குப் பெரிதும் பயன்படுவது. குறுந்தொகை 139இல் மனைக்கோழியின் பேடை, மாலைப்பொழுதில் வேலியருகே வந்த வெருகினத்தைக் கண்டு அஞ்சித் தன் பார்ப்புகளை அழைக்கின்றது. தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூறு 326இலும் ஊரின் பழைய வேலியே வெருகு இயங்கும் இடம். இரவில் அஞ்சிக் கத்திய பேடை, பருத்திப்பெண்டின் சிறுவிளக்கு ஒளியில் தன் சேவலைக் கண்ட பின்னரே அமைதியுறுகின்றது. குறுந்தொகை 107இல் மதுரைக் கண்ணனார் இன்னும் ஒரு படி உட்செல்கின்றார். வைகறையில் கூவித் துயில் கலைத்த சேவலை வெறுக்கும் தலைவி, நள்ளிரவில் இல்லத்து எலியைப் பார்த்திருக்கும் வெருகுக்கு அது இரையாகுக என வைகின்றாள்.

இவ்விறுதிப் பாட்டைச் சற்று நின்று நோக்குதல் தகும். எலி இல்லத்தது, வெருகு அதன்பொருட்டு இல்லத்தை நாடி வருவது. அதனைக் கொணர்ந்தவர் இலர், வளர்ப்பவரும் இலர். எலியை ஒழிப்பதால் நன்மையும் கோழியைக் கவர்வதால் கேடும் அதனால் ஒருங்கே விளையும். வேலிக்கும் அடுக்களைக்கும் இடையே திரியும் இந்நிலையையே, பூனை மனையுயிர் ஆனதன் முதற்படி என்று இன்றைய விலங்கியலார் கூறுகின்றனர். சைப்ரசுத் தீவில் ஏறத்தாழ 9500 ஆண்டுகட்கு முற்பட்ட மனிதப் புதைகுழியின் அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்தமை 2004இல் அறிவிக்கப்பெற்றது. 2007இல் வெளிவந்த மரபணு ஆய்வு, உலகெங்குமுள்ள வீட்டுப்பூனைகள் மேற்காசியக் காட்டுப்பூனை இனத்தின் வழிவந்தவை எனக் காட்டிற்று. களஞ்சியத்து எலியை நாடித் தானே வந்த விலங்கினை மாந்தர் பொறுத்துக்கொண்டனர் என்பதே அவர்தம் துணிபு.

இதனால் பெறப்படுவது யாது? நம் வேலியோரம் வந்த காட்டுப்பூனை வேறோர் இனம். ஆதலின் அது நம் வீட்டுப்பூனையின் மூதாதையாகாது. வீட்டுப்பூனை புறத்திருந்து வந்தது. ஆயின், வாயிலில் நின்ற வெருகு உள்ளே வாராதொழியினும் அதன் பெயர் ஒருபால் உள்ளே புகுந்துவிட்டது. கன்னடத்தில் வீட்டுப்பூனையைக் குறிக்கும் 'பெக்கு', பழங்கன்னடப் 'பெர்க்கு' என்பதன் திரிபு. அது வெருகு என்னும் சொல்லோடு ஓரினத்தது. மலையாளத்திலோ அப்பெயர் கூரையில் ஒளிந்து வாழும் மரநாய்க்கு உரியதாயிற்று. மரநாயும் இரவில் இயங்குவது. எலியையும் கோழியையும் கொள்வது. ஆகவே, பழம்பாட்டின் வெருகு ஓரினத்தைமட்டும் சுட்டியதன்று. இரவில் மனையை அணுகும் சிறு வேட்டுயிர்களுக்கு அது பொதுப்பெயராயிருந்தது என்பது எம் கருத்து. காட்டுப்பூனை என்று மட்டும் உரை எழுதுதல் பொருளைச் சுருக்குவதாகும்.

இனிப் பழக்குதல் பற்றிய செய்தி. யானைக்கு வடமொழிச் சொற்களைப் பயிற்றிய இளைஞரை முல்லைப்பாட்டுக் காட்டுகின்றது. கிளிக்கு மழலை கற்பித்த மகளிரை இலக்கியம் நெடுகக் காண்கின்றோம். வேட்டுவரோடு நாய் செல்கின்றது. பூனைக்கு ஒன்றைக் கற்பித்தார் ஒருவரையும் யாம் பயின்ற பாட்டுகளில் கண்டிலேம். மாறாக, நம் மனைகளில் 'உறி' என்றொரு கருவி உண்டு. பாலையும் வெண்ணெயையும் கயிற்றில் கட்டி உயரத் தொங்கவிட்டவர், பூனையைத் திருத்தும் முயற்சியைக் கைவிட்டவர் என்றே கொள்ளலாம். பூனை நோன்பு கொண்டதாகக் காணும் இடமெல்லாம் அந்நோன்பு பொய்யே. மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்தில் கைகளை உயர்த்தித் தவம் செய்யும் பூனையும், அதனைச் சூழ்ந்த எலிகளும் காண்போர் அறிவர். மாபாரத உத்தியோக பருவத்து வரும் பொய்த்தவப் பூனையின் கதையை அஃது ஒத்துள்ளது.

பயிற்சி பற்றி நம் நாட்டில் வழங்கும் ஒரே பெருங்கதை தெனாலிராமனுடையது. எலித்தொல்லை நீங்க அரசர் ஆளுக்கொரு பூனையும் பசுவும் அளிக்க, இராமன் கொதிக்கும் பாலை முதல்நாள் வைத்தான். அப்பூனை பின்னர்ப் பால் என்றாலே ஓடிற்று. சூடு கண்ட பூனை அடுப்பண்டாது என்னும் பழமொழியும் இக்கருத்தினதே. இதனை நகைக்கதை என்று தள்ளுதல் வேண்டா. கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பூனைகளைக் கூண்டுகளில் அடைத்து ஆராய்ந்த தார்ண்டைக், 1898இல் தம் முடிவுகளை வெளியிட்டார். கயிற்றை இழுத்தோ நெம்பியை அழுத்தோ வெளியேறிய பூனை, அடுத்தடுத்த முறைகளில் விரைவாக வெளியேறக் கற்றது. ஆனால் வேறு பூனை செய்வதைக் காட்டியும், அதன் காலைப் பிடித்துச் செய்வித்தும் அவர் அதற்குக் கற்பிக்க இயலவில்லை. இன்பதுன்ப விளைவே அதற்கு ஆசான் என்பது அவர் முடிபு. கதை சொன்னவரும் அதனையே சொன்னார்.

தென்காசியில் எம் இல்லத்து ஐந்து பூனைகள் ஒருங்கு வாழ்ந்த காலத்தில் இவ்வுண்மையை யாமும் அறிந்தோம். கிண்ணத்தைத் தட்டும் ஒலிக்கு ஐந்தும் ஒரு கிழமைக்குள் பழகின. ஏட்டுப் பெட்டியின்மேல் படுத்தலாகாது என்பதை ஈராண்டு முயன்றும் ஒன்றும் கற்கவில்லை. யாம் புறத்தே சென்ற பொழுதில் அதன் மூடி எப்பொழுதும் வெதுவெதுப்பாகவே இருந்தது.

இன்னும் ஒன்று. வைணவத்துள் தென்கலையார் கொள்கையை மார்ச்சார நியாயம் என்றும், வடகலையார் கொள்கையை மர்க்கட நியாயம் என்றும் கூறுதல் மரபு. பூனைக்குட்டி ஒன்றும் முயலாது. தாயே அதனைக் கவ்விச் செல்லும். குரங்குக்குட்டியோ தாயைத் தானே பற்றிக்கொள்ளும். குற்றாலத்திற்குச் சாரல் காலத்துச் செல்வார் இரண்டாவதனை அருவிக்கரை மரங்களிலேயே காணலாம்; திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் மலைவளத்தை மந்தியையும் வானரத்தையும் கொண்டே தொடங்கினார். முதலாவதனைக் காண ஒரு வீட்டுப் பரணே போதும். பிடரியைக் கவ்வியவுடன் குட்டி உடல் தளர்ந்து கால்களை மடக்கி அசைவற்றுத் தொங்குவதை யாம் பலகாலும் கண்டுள்ளேம். உவமை வகுத்தவர் பூனையோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து கண்டதையே கூறினர் என்பதில் ஐயமில்லை. வேலியில் நின்ற வெருகின் பல்லைக் கண்ட புலவர்க்கும், பரணில் குட்டியைக் கவ்விய தாயைக் கண்ட ஆசாரியர்க்கும் இடைப்பட்ட காலத்தில் பூனை அகத்ததாயிற்று.

'பூசை' என்னும் சொல் எழுத்தில் கம்பர் காலத்திலும் வழங்கிற்று. தம் பெருங்காப்பிய முயற்சிக்கு அவர் பாற்கடலை நக்கப் புகுந்த பூசையை உவமித்தார். பேச்சில் அது பூனைக்கு எங்கே இடங்கொடுத்தது என்பதை அறிய ஏடுகள் போதா. புளியரை, செங்கோட்டை, கடையநல்லூர் ஆகிய ஊர்களின் முதியோரிடம், பூனையை அழைக்கும் ஒலி, ஆண்பூனையின் பெயர், கூரையில் வாழும் மரநாயின் பெயர் ஆகிய மூன்றையும் கேட்டுத் தொகுக்க முன்வரும் மாணவர் உளராயின், கணவாயின் எப்புறத்தே அச்சொல் நின்றுவிட்டது என்பது புலப்படும்.