முற்றுகைக்குள் எழுதப்பட்ட கிரயப்பத்திரம்



பகைவரின் கைக்குப் போய்விட்ட நிலம் ஒன்றை, சிறையில் இருக்கும் ஒரு மனிதர் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். அவருக்கு மனைவி இல்லை. அந்நிலத்தைச் சுதந்தரிக்கப் பிள்ளையும் இல்லை. அந்தத் தேசம் அழியப்போகிறது என்று நாற்பது ஆண்டுகளாக முழங்கியவரும் அவரே. எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகம் 32-ம் அதிகாரத்தில் நாம் காணும் இந்த விந்தையான வியாபாரத்தை இவ்வாரம் சிந்திப்போம்.

எரேமியா இல்க்கியாவின் குமாரன். எருசலேமுக்கு வடகிழக்கே சுமார் 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆனதோத் என்னும் ஆசாரியரின் ஊரில் பிறந்தவர். யோசியா ராஜாவின் 13-ம் ஆண்டில், அதாவது ஏறக்குறைய கி.மு. 627-ல், அவர் அழைக்கப்பட்டார். அந்நியனையும் திக்கற்றவனையும் விதவையையும் ஒடுக்கிவிட்டு, "ஆலயம் நம் நடுவே இருக்கிறதே" என்ற தைரியத்தில் வாழ்ந்த ஜனத்தை அவர் கடிந்துகொண்டார். மனந்திரும்பாவிட்டால் அந்த ஆலயமும் நிலைநிற்காது என்றார். இதற்காக அவர் செலுத்திய விலை பெரிது. ஆனதோத்தாரே அவர் உயிரை வாங்கத் தேடினார்கள். அவர் சொல்ல பாருக் எழுதிய சுருளை, யோயாக்கீம் ராஜா துண்டுதுண்டாக அறுத்துத் தீயிலே போட்டான்.

சிதேக்கியாவின் காலத்தில் பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டனர். எகிப்தின் சேனை வருகிறது என்ற செய்தியால் அவர்கள் சிறிது காலம் விலகிச் சென்றபோது, எரேமியா பென்யமீன் நாட்டிற்குப் புறப்பட்டார். நகர வாசலிலேயே அவரைப் பிடித்து, கல்தேயரிடம் ஓடிப்போகிறவன் என்று குற்றஞ்சாட்டி, அடித்துச் சிறையில் வைத்தார்கள். பின்னர் காவற்சாலையின் முற்றத்திற்கு மாற்றப்பட்ட அவருக்கு, நகரத்தில் அப்பம் உள்ளவரையில் நாளொன்றுக்கு ஓர் அப்பம் கொடுக்கப்பட்டது.

அந்த முற்றத்திற்குத்தான் அவருடைய தகப்பனின் சகோதரனான சல்லூமின் மகன் அனாமெயேல் வந்தான். ஆனதோத்திலுள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளும்படி கேட்டான். நிலம் குடும்பத்தை விட்டுப் போகாதபடி, நெருங்கிய உறவினன் அதை மீட்க வேண்டும் என்பது மோசேயின் பிரமாணம். கர்த்தரும் இதை முன்னமே எரேமியாவுக்கு அறிவித்திருந்தார். 17 சேக்கல் வெள்ளி, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய 190 கிராம், தராசில் நிறுக்கப்பட்டது. சாட்சிகள் கையெழுத்திட்டனர். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று என இரண்டையும், முற்றத்தில் உட்கார்ந்திருந்த யூதர் அனைவருக்கும் முன்பாக, எரேமியா பாருக்கிடம் ஒப்படைத்தார். அவை நெடுநாள் நிலைக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்பதே அதன் பொருள்.

முத்திரையைக் குறித்து ஒரு செய்தி. 1982-ல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் நடந்த அகழாய்வில், பத்திரங்களில் ஒட்டப்பட்டிருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட களிமண் முத்திரைகள் கிடைத்தன. அவற்றில் ஒன்றில் சாப்பானின் குமாரன் கெமரியாவின் பெயர் உள்ளது. அந்தப் பெயருடையவரின் அறையில்தான் பாருக் அந்தச் சுருளை ஜனங்கள் கேட்க வாசித்தார். கி.மு. 586-ல் பாபிலோனியர் மூட்டிய தீ பத்திரங்களை எரித்துவிட்டது. ஆனால் அதே தீ களிமண்ணைச் சுட்டு, முத்திரைகளை இன்றுவரை காத்துவைத்தது.

பிரியமானவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பத்திரத்தை ஒப்படைத்த பின்புதான் எரேமியா ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில் திகைப்பு ஒலிக்கிறது. நகரத்தைப் பிடிக்க மண்மேடுகள் எழும்பி நிற்கின்றன. பட்டயமும் பஞ்சமும் கொள்ளைநோயும் உள்ளே இருக்கின்றன. இந்நிலையில் நிலம் வாங்கச் சொன்னீரே என்று ஆண்டவரிடம் முறையிடுகிறார். சந்தேகம் தீர்ந்த பிறகு அவர் கீழ்ப்படியவில்லை. கீழ்ப்படிந்துவிட்டுத் தன் கேள்வியோடு தேவசமுகத்தில் நின்றார். விசுவாசத்தில் கேள்விக்கும் இடம் உண்டு.

இன்னொன்றும் உண்டு. இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று அனனியா என்பவன் ஆலயத்தில் நின்று சொன்னபோது, ஜனங்கள் கேட்க விரும்பியது அதுவே. எரேமியாவோ 70 ஆண்டுகள் என்றார். இந்த அதிகாரத்தை நமக்கும் நிலமும் வீடும் கிடைக்கும் என்ற வாக்குத்தத்தமாக மட்டும் வாசித்தால், நாம் அனனியாவின் பக்கம் சாய்ந்துவிடுவோம். எரேமியா அந்நிலத்தில் ஒரு நாளாவது விதைத்ததாக வேதம் சொல்லவில்லை. நகரம் வீழ்ந்த பின், மீந்திருந்த ஜனங்கள் அவருடைய எச்சரிப்பைத் தள்ளி, அவரையும் எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். தக்பானேசில் நின்று அவர் தீர்க்கதரிசனம் உரைத்தார். தாய்நாட்டிற்குத் திரும்பியதாக ஒரு குறிப்பும் இல்லை.

அப்படியானால் அந்த 17 சேக்கல் வீணாயிற்றா? கி.மு. 539-ல் பெர்சிய ராஜாவாகிய கோரேஸ் பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர் திரும்பிப்போக வழி திறந்தது. திரும்பினவர்களின் அட்டவணையை எஸ்றா 2-ம் அதிகாரம் தருகிறது. ஊர்களின் பெயர்களும் எண்களும் நிறைந்த அப்பகுதியை நாம் வழக்கமாக வேகமாகக் கடந்துவிடுகிறோம். அங்கே ஒரு சிறு வரி இருக்கிறது: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். எரேமியாவின் உயிரைத் தேடிய அதே ஊராரின் சந்ததி, அவர் விலைகொடுத்த அதே மண்ணுக்குத் திரும்பிவந்தது.

தன் காலத்தில் காணாத ஒன்றுக்காக, தன்னைப் பகைத்தவர்களின் பிள்ளைகளுக்காக, அவர் கையிலிருந்த வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். உங்களுக்கும் பலன் காணாத ஒரு கீழ்ப்படிதல் இருக்கலாம். திரும்பிவராத ஒரு மகனுக்காகச் செய்யும் ஜெபமாக, நன்றி பாராட்டாத ஒருவருக்குச் செய்யும் உதவியாக, யாரும் மதிக்காத இடத்தில் காக்கும் நேர்மையாக அது இருக்கலாம். பலனைக் காணும் நாள் நமக்குக் கொடுக்கப்படாமலும் போகலாம். ஆயினும் பத்திரத்தை எழுதுங்கள், மண்பாண்டத்தில் வையுங்கள், உங்கள் கேள்வியோடு ஆண்டவரண்டை செல்லுங்கள்.

கர்த்தர்தாமே உங்களைத் திடப்படுத்துவாராக. ஆமென்.