ஜவ்வாது மலை: ஊர்ப்பெண்களே நலப்பணியாளர்கள்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிய ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் மிகுதி. சிதறிக் கிடக்கும் சிற்றூர்களிலிருந்து மருத்துவத்துக்காக மலையின் பெரிய ஊர்களான ஜமுனாமரத்தூருக்கோ புதூர்நாட்டுக்கோ போய்ச் சேர்வதே பலருக்குப் பெரும்பாடு. சமவெளியிலிருந்து வரும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் மலையில் தங்கவைப்பதும் எளிதல்ல. ஆகவே உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவதே உறுதியான வழி.

2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா பணியாளர்களைத் தமிழ்நாடு பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளுக்கே அமர்த்தியது; பிற இடங்களில் கிராம சுகாதாரச் செவிலியர்களே முதுகெலும்பு. ஆஷா அந்தந்த ஊரிலேயே வாழும் பெண். பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42ஆம் நாள்களில் வீடு தேடிச் செல்கிறார். குழந்தையை எடைபோட்டு, உடல் சூடு பார்த்து, பால் குடிக்கிறதா என்று கவனித்து, ஆபத்து அறிகுறி தெரிந்தால் மருத்துவமனைக்கு அனுப்புகிறார். இத்தனைக்கும் மாதச் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். இது நியாயமில்லை.

உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றும் வழிக்கு ஆஷாவுக்கு முன்பே ஒரு சான்று உண்டு: அருகிலுள்ள தருமபுரி மாவட்டச் சித்திலிங்கியில் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் 1993இல் தொடங்கிய பழங்குடி நல முயற்சி, பழங்குடிப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கவும் அறுவை அரங்கில் உதவவும் பயிற்சி அளித்தது.