எல்லைக்கல்லும் கேரியும்

ஜவளகிரி எந்த ஜில்லா என்று கேட்டால் எங்க பாட்டி சேலம் என்பாள். அப்பா தருமபுரி என்பார். பிள்ளைகள் கிருஷ்ணகிரி என்கிறார்கள். மூன்றும் சரிதான்.

1792இல் திப்புவிடமிருந்து பாராமகாலைப் பறித்த கும்பெனி, 1799இல் அவர் வீழ்ந்ததும் ஓசூர் மேட்டு நிலத்தையும் பாலாகாட் என்று சேலத்தோடு சேர்த்தது. 1956இல் மொழிவாரி எல்லை போட்டபோது கொள்ளேகால் மைசூருக்குப் போனது. கன்னடமும் தெலுங்கும் புழங்கும் ஓசூர் இங்கேயே நின்றது. 1965இல் தருமபுரி, 2004இல் கிருஷ்ணகிரி.

இத்தனை கோடு கிழித்தவர்கள் ஊருக்கும் கேரிக்கும் நடுவில் கிடந்த கோட்டைத் தொடவில்லை. கன்னடத்தில் கேரி என்றால் வெறும் தெருதான். ஹொலகேரி என்றால் யார் தெரு என்று கேட்க வேண்டியதில்லை. நாம் சேரி என்றோம். சர்க்கார் காலனி என்று எழுதியது. அந்தச் சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லதுதான். வாயிலிருந்து எப்போது போகும்?

ஹொலேயர், மாதிகர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் உண்டு. ஆனால் 1950இலிருந்தே பட்டியல் மாநிலவாரி. ஆனேக்கல் பக்கமிருந்து இங்கே வாழவந்த பெண்ணின் சாதிச் சான்றிதழ் இங்கே வேலைக்குச் செல்லாது. 1990இல் உச்ச நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது. எங்க கேரியிலேயே அப்படி நாலைந்து மருமகள்கள். பழைய சான்றிதழைப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறார்கள்.