தம்புள்ளைக் குகையிற் பொற்பணி

மாத்தளை மாவட்டத்துத் தம்புள்ளைக் குகை விகாரையைச் சிங்கள மக்கள் 'ரங்கிரி', அதாவது பொன்மலை, என அழைப்பர். இப்பெயர் ஒரு திருத்தப்பணியின் நினைவாகும். பொலன்னறுவையில் 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்கமல்லன் இவ்விகாரையைப் புதுப்பித்து 73 பொற்படிமங்களை அமைத்தான் எனச் சூளவம்சம் கூறும். குகை வாயிலிலுள்ள அவனது கல்வெட்டோ படிமங்களுக்குப் பொன் பூசுவித்ததாகவே பேசுகின்றது. கல்வெட்டின் கூற்றே ஏற்புடையது. முதற் குகையிற் பள்ளிகொண்ட பெரும்படிமம் மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டதன்றோ!

பொன் துருப்பிடிப்பதில்லை. ஆயின் அதனைத் தாங்கும் பூச்சு உதிர்ந்தால் பொன்னும் உடன் உதிரும். எனவே திருத்தம் மீண்டும் மீண்டும் வேண்டப்பட்டது. கண்டியில் 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்திசிறீ இராசசிங்கன் இக்குகைகளைப் பெருமளவிற் புதுப்பித்தான். அவன் தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவன் என்பதை நம்மவர் பலர் மறந்துவிடுகின்றனர். இன்று காண்போரைக் கவரும் செம்மையும் மஞ்சளும் பெரும்பாலும் கண்டிக்கால மரபினவே.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. வழிபடுவோனுக்குப் படிமம் மங்கிக் கிடத்தல் ஆகாது. வரலாற்று மாணவனுக்கோ மங்கிய பூச்சே சான்று. பக்தியோடு பூசிய ஒவ்வொரு புதுப்பூச்சும் முன்னையதை மறைத்தது. 1991இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்ட இக்குகைகளில், நிசங்கமல்லனின் பொன்னைக் கண்ணால் அன்றிக் கல்வெட்டு வழியாகவே காண வேண்டியுள்ளது.