ஆஞ்சநேயர் கையில் இருக்கும் கதாயுதமும் நம்ம பின்பக்க மண்டபமும்

ஓம் ஸ்ரீ ராமஜெயம். கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

நம்ம இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் சனி, ஞாயிறு காலையில் பின்பக்க மண்டபத்தில் சிலம்பமும் உடற்பயிற்சியும் செய்ய அனுமதி கேட்டிருக்காங்க. விசேஷம் இல்லாத நாளில் அந்த மண்டபம் சும்மாதான் கிடக்குது. ஆனால் சில பெரியவங்க, "கோயில் சாமி கும்பிடுற இடம், ஜிம் நடத்துற இடம் இல்லை" என்று சொல்றாங்க. சன்னிதானத்தின் அமைதி கெட்டுவிடக்கூடாது என்ற அக்கறையில்தான் சொல்றாங்க. அதில் தப்பு இல்லை. நிர்வாகம் முடிவு எடுக்கும் முன்னால் நம்ம சரித்திரத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆஞ்சநேயர் கையில் கதாயுதம் இருக்கு. நாம் அதை ஆயுதம் என்று மட்டும் நினைக்கிறோம். வட இந்திய மல்யுத்த வீரர்களுக்கு அது தினசரி பயிற்சிக் கருவி. நீளமான மூங்கில் கம்பு, அதன் முனையில் உருண்டையான கல். அதைத் தோளுக்குப் பின்னால் இறக்கி, சுற்றி எடுத்து, முன்னால் நிறுத்தணும். கனமெல்லாம் ஒரு முனையில் இருப்பதால் பிடி, மணிக்கட்டு, தோள், முதுகு, இடுப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தால்தான் அது சுற்றும். கையை மட்டும் நம்பினால் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

மல்யுத்தம் பழகும் இடத்துக்கு அங்கே அகாரா என்று பேர். காசியில் துளசி படித்துறைக்கு மேலே இன்றைக்கும் ஒரு அகாரா இருக்கு. துளசிதாசர் காலத்திலிருந்து வருவது என்று சொல்வார்கள். அகாரா என்றால் அங்கே அனுமார் இருப்பார். வீரர்கள் அவரை வணங்கி, களத்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் உள்ளே இறங்குவாங்க. அந்த மண்ணில் மஞ்சள், எண்ணெய், மோர் எல்லாம் கலந்து பக்குவம் செய்வாங்க. நாகபஞ்சமி அன்று களத்தை அலங்கரித்து பூஜை செய்து போட்டி வைப்பதும் உண்டு. அதாவது பயிற்சி செய்யும் இடத்தையே வழிபடும் இடமாகத்தான் வைத்திருந்தாங்க.

அவங்க பயிற்சி முறையைப் பாருங்க. மண்ணைக் கொத்திப் புரட்டுவதிலேயே காலை வேலை தொடங்கும். அது முதுகுக்கும் கைப்பிடிக்கும் பயிற்சி. அடுத்து தண்டால், பஸ்கி. பஸ்கி காலுக்கு. எதிராளியைத் தரையிலிருந்து தூக்குவது கைபலம் என்று நினைப்போம், உண்மையில் அது கால்பலம். தண்டாலில் உடம்பு பாம்பு மாதிரி வளைந்து எழும். நெஞ்சு, தோள், முதுகு, இடுப்பு எல்லாம் ஒரே ஓட்டத்தில் இயங்கும். கழுத்தில் கல் வளையம் மாட்டிக்கொண்டு பஸ்கி போடுவதும் உண்டு, ஏன்னா மல்யுத்தத்தில் எதிராளி முதலில் அழுத்துவது கழுத்தைத்தான். பிறகு கயிறு ஏறுதல், ஜோடிக் கர்லாக்கட்டை சுற்றுதல். எல்லாம் போட்டியில் உடம்பு என்ன செய்யணுமோ அதுக்கான தயாரிப்பு. கண்ணாடியில் பார்த்து ரசிக்க இல்லை.

இந்த முறையில் உருவானவர்தான் காமா பயில்வான். 1878-ல் பிறந்தவர், முஸ்லிம் குடும்பம். ஒரு நாளைக்கு 5000 பஸ்கி, 3000 தண்டால் செய்தார் என்று எழுதி வைத்திருக்காங்க. அவர் கழுத்தில் மாட்டிய 95 கிலோ கல் வளையம் பட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகத்தின் காட்சியகத்தில் இருக்கு. 1910-ல் லண்டனுக்குப் போனபோது ஆள் குள்ளம் என்று போட்டியில் சேர்க்கவில்லை. அவர் எல்லாருக்கும் சவால் விட்டார். அமெரிக்கர் ரோலரைச் சில நிமிடங்களில் சாய்த்தார். போலந்து வீரர் ஸ்பிஸ்கோ என்ன செய்தார் தெரியுமா? காமாவின் பிடிக்குப் பயந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையை ஒட்டியே கிடந்து தற்காத்துக்கொண்டார். ஆட்டம் சமநிலை. மறுபடி மோதுவதற்கு வைத்த நாளில் அவர் வரவே இல்லை. 1928-ல் பட்டியாலாவில் இருவரும் திரும்ப மோதினாங்க. ஒரு நிமிடத்துக்குள் காமா ஜெயித்துவிட்டார். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது!

இன்னொன்றும் கவனிக்கணும். அகாரா மண்ணில் இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே பழகினாங்க. ஒருவர் அனுமாரைக் கூப்பிடுவார், இன்னொருவர் அலியைக் கூப்பிடுவார். பயிற்சி ஒன்றுதான்.

இதெல்லாம் எங்கோ வடக்கே நடந்தது என்று நினைக்காதீங்க. நம்ம பக்கத்திலேயே ஒரு கதை இருக்கு. 1947-ல் பஞ்சாப் கிராமத்திலிருந்து இருபது வயதுகூட ஆகாத ஒரு பையன் சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்தான். டிரம் செய்யும் ஆலையில் வேலை. வேலை நேரம் போக கிரேட் வேர்ல்ட் அரங்கில் ஹர்னாம் சிங் என்பவரிடம் மல்யுத்தம் கற்றான். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயா சாம்பியன் ஆனான். அவர்தான் தாரா சிங். 1954-ல் ருஸ்தம்-இ-ஹிந்த் பட்டம், 1968-ல் பம்பாயில் லூ தெஸை வென்று உலகப் பட்டம். 1987-ல் ராமாயணம் தொடரில் நாம் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்ட அனுமார் அவரேதான். அறுபதை நெருங்கும் வயதில் அந்தத் தோளும் மார்பும் மேக்கப்பில் வந்தது இல்லை. ஷிப்ட் வேலை பார்க்கிறவன் நான். நாள் முழுக்க ஆலையில் நின்றுவிட்டு அதற்குப் பிறகு பயிற்சிக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

தமிழனுக்கும் இதில் பங்கு உண்டு. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பேர். பெரிய மல்லன் என்று அர்த்தம். மாமல்லபுரம் அந்தப் பேரில் வந்த ஊர். கர்லாக்கட்டை நம்ம சிலம்பக் கூடங்களில் இன்றும் சுற்றுகிற கருவி. பிள்ளையார் முன்னால் நாம் போடும் தோப்புக்கரணமே ஒரு சின்ன பஸ்கிதானே!

வெள்ளைக்காரன் இந்தியாவில் கர்லாக்கட்டையைப் பார்த்து 19-ஆம் நூற்றாண்டில் தன் ராணுவத்துக்கும் பள்ளிக்கும் கொண்டுபோனான். 1904, 1932 ஒலிம்பிக்கில் கட்டை சுற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. பஸ்கியை வெளிநாட்டு மல்யுத்தக்காரர்கள் 'இந்து ஸ்குவாட்' என்றே கூப்பிடுறாங்க. கார்ல் காட்ச் என்பவர் அதை ஜப்பான் வீரர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இப்போ கதாயுதத்தை இரும்பில் செய்து 'ஸ்டீல் மேஸ்' என்று விக்கிறாங்க. 'பங்ஷனல் டிரெய்னிங்' என்று பேர் வைத்து மாதத்துக்கு இத்தனை வெள்ளி என்று வாங்கறாங்க. நம்ம பிள்ளைகளும் கட்டிட்டுத்தான் வர்றாங்க.

அதிலும் பலர் மெஷினில் உட்கார்ந்து கையையும் நெஞ்சையும் மட்டும் வளர்க்கறாங்க. போட்டியில் இரண்டாவது சுற்றிலேயே மூச்சு வாங்குது. கால் நிற்கவில்லை. பழைய முறையில் பலமும் மூச்சும் ஒன்றாக வளரும். எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுவாங்க. பக்கத்தில் குரு நின்று பார்ப்பார். பால், நெய், பாதாம் சாப்பாடு. குடி, சிகரெட் கிட்டே வரக்கூடாது. இந்தக் கட்டுப்பாடு ஜிம் கட்டணத்தில் கிடைக்காது. சாமி பக்கத்தில் இருந்தால் தானாக வரும்.

அதனால் நிர்வாகத்துக்கு என் பணிவான வேண்டுகோள். பிள்ளைகளுக்கு மண்டபத்தைக் கொடுங்க, நிபந்தனையோடு கொடுங்க. காலை பூஜை முடிந்த பிறகுதான் தொடங்கணும். முதலில் ஆஞ்சநேயரை வணங்கணும். அனுபவம் உள்ள ஆசான் கூடவே இருக்கணும். சத்தமாகப் பாட்டு போடக்கூடாது. முடிந்ததும் மண்டபத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போகணும். அகாராவில் களத்து மண்ணைக் கொத்துவதும் பயிற்சிதான் என்று மேலே சொன்னேன், இங்கே துடைப்பம் பிடிக்கிறதும் அப்படித்தான். காசி அகாராவிலேயே இப்போ பெண்பிள்ளைகள் பழகறாங்க, நம்ம பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கணும்.

என் வயதுக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. காமா 5000 போட்டார் என்று நாம் ஆரம்பிக்க வேண்டாம். முழங்காலைப் பார்த்துக்கணும், டாக்டரைக் கேட்டுக்கணும். பிள்ளையார் முன்னால் போடும் தோப்புக்கரணத்தை ஒழுங்காகப் போட்டாலே போதும்.

பெரியவங்க உங்க கருத்தைக் கீழே எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் மரியாதையாகப் பேசிக்கலாம். கூட்டத்துக்கு முன்னால் எல்லாருடைய எண்ணமும் நிர்வாகத்துக்குத் தெரிவது நல்லது.

ஜெய் ஆஞ்சநேயா. எல்லாருக்கும் உடல்பலமும் மனபலமும் அருளட்டும்.